கருப்பட்டி கேரட் கேக்: ஓவன் இல்லாத கடலோர வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேரட் கேக்கை உடம்புக்கு நல்லதாகச் செய்வது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரே வரிதான்: மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு, சீனிக்குப் பதில் கருப்பட்டி. அந்த வரியை நம்பி, அளவு எதையும் மாற்றாமல் நான் முதல் தடவை செய்த கேக், நடுவில் களியாகவும் ஓரத்தில் காய்ந்த ரொட்டியாகவும் வந்தது. இரண்டு முட்டையும் கால் கிலோ கேரட்டும் வீணானது மனசுக்கு வலித்தது. அதற்குப் பிறகு பலமுறை செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது இது: கருப்பட்டி சீனியைப் போல நடந்துகொள்ளாது, கோதுமை மாவும் மைதாவைப் போல நடந்துகொள்ளாது. பண்டத்தை மாற்றினால் பக்குவத்தையும் மாற்ற வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பக்குவத்தைப் பற்றித்தான்.

நான் இருப்பது கீழக்கரை. எங்கள் தெருவில் ஓவன் இருக்கும் வீடுகள் குறைவு. ஆனால் பிரியாணித் தேக்சா இல்லாத வீடு கிடையாது. அதனால் தேக்சாவில் சுடும் முறையைத்தான் விரிவாகச் சொல்கிறேன். ஓவன் வைத்திருப்பவர்களுக்கான கணக்கும் நடுவில் வரும்.

எந்த அளவுக்கு நல்லது?

இதை முதலிலேயே பேசிவிடுவோம். கருப்பட்டி போட்ட கேக்கைச் சுகர் இருப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். எங்கள் உம்மாவுக்குச் சுகர் இருக்கிறது. இந்தக் கேக் செய்யும் நாளில் அவர்களுக்கு ஒரு விரல் அகலத் துண்டுதான். அன்றைக்குச் சோற்றையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் இதில் என்ன நல்லது? முதலில், இனிப்பின் மொத்த அளவே குறைவு. வழக்கமான செய்முறைகளில் இவ்வளவு மாவுக்குப் பெரும்பாலும் 200 கிராமுக்கு மேல் சீனி போவது உண்டு. இங்கே 150 கிராம் கருப்பட்டிதான். பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு 15 கிராம். கேரட்டும் பேரீச்சம்பழமும் தங்கள் பங்குக்கு இனிப்பைச் சேர்ப்பதால் குறை தெரியாது. 100 கிராம் கேரட்டில் 5 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருக்கிறது, கிட்டத்தட்ட 3 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. 1940 ஜனவரியில் பிரிட்டனில் போரின் காரணமாகச் சீனிக்கு ரேஷன் வந்தபோது, அங்கே வீடுகளில் பண்டங்களுக்கு இனிப்பேற்றக் கைகொடுத்தது இந்தக் கேரட்தான்.

அடுத்தது கோதுமை மாவு. தவிட்டோடு அரைத்த மாவில் மைதாவைவிடப் பலமடங்கு நார்ச்சத்து உண்டு. கடைப் பாக்கெட்டைவிட, கோதுமை வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்த மாவு என்றால் இன்னும் மணம்.

எண்ணெயும் குறைவுதான், ஆனால் அடியோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். கேரட்டின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எண்ணெயே இல்லாத கேரட் கேக் மறுநாள் விறைத்தும் போகும்.

வேண்டியவை

7 அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கான அளவு இது. தராசு இருந்தால் கிராம் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவை அழுத்தி அள்ளினால் ஒரு கப்பிலேயே 20, 30 கிராம் கூடிவிடும்.

கோதுமை மாவு 180 கிராம் (தளர்வாக அள்ளினால் ஒன்றரை கப்)
வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த வேர்க்கடலை 40 கிராம்
கருப்பட்டி 150 கிராம், அதைக் கரைக்கத் தண்ணீர் 60 மில்லி
துருவிய கேரட் 200 கிராம்
முட்டை 2
புளிக்காத கட்டித் தயிர் 60 கிராம்
செக்குக் கடலெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 80 மில்லி
பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன்
பட்டைத்தூள் 1 டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், ஜாதிக்காய் துருவல் ஒரு சிட்டிகை
பேரீச்சம்பழம் 6, கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கியது

வளைகுடாவில் இருந்து ஆள் வந்து போகும் ஊர் என்பதால் எங்கள் பக்கம் பேரீச்சம்பழத்துக்குப் பஞ்சம் இல்லை. உங்களிடம் இல்லையென்றால் உலர் திராட்சை போடுங்கள். சுக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். கருப்பட்டிக் காப்பியில் சுக்கு ஏன் இருக்கிறதோ அதே காரணத்துக்காகத்தான் இங்கேயும் இருக்கிறது: இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும்.

கருப்பட்டிப் பாகு

இந்தக் கேக்கின் உயிர் இதுதான். அவசரப்பட்டால் எல்லாம் கெடும் இடமும் இதுதான்.

சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பனங்காடுகள் உண்டு. கோடையில் அங்கே பதநீர் காய்ச்சும் நாட்களில் புதுக் கருப்பட்டி கிடைக்கும். வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் பார்ப்பது இரண்டு விஷயம். உடைந்த இடம் சீனி மணிகளைப் போலப் பளபளவென்று மின்னினால் வாங்க மாட்டேன். ஒரு துணுக்கை வாயில் போட்டால் இனிப்போடு லேசான உப்புக்கரிப்பும் பதநீர் வாசமும் வர வேண்டும். வெறும் தித்திப்பு மட்டும் வந்தால் அதில் சீனி கலந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வேன்.

பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பின் மிச்சம், ஓலைத் துணுக்கு, மண் எல்லாம் கருப்பட்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதனால் கருப்பட்டியைத் தட்டி நேரே மாவில் போடாதீர்கள். எங்கள் உம்மம்மா தொதல் (அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துச் செய்யும் இனிப்பு) கிண்டும்போது கருப்பட்டியைக் கரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, கால் மணி நேரம் தெளிய வைத்து, மேலாகத்தான் ஊற்றுவார்கள். பாத்திரத்தின் அடியில் கடைசியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கரண்டி வண்டல் நிற்கும். அதைப் பாகில் சாய்க்காமல் வெளியே கொட்டிவிடுவார்கள். கேக்குக்கும் அதே முறைதான்.

150 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 60 மில்லி தண்ணீரோடு சிறு தீயில் வையுங்கள். கட்டி கரைந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். அதிகம் கொதித்துக் கெட்டியான பாகு கேக்கில் லேசான கசப்பைக் கொண்டுவரும், ஆறியதும் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். வடிகட்டித் தெளிய வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே, முழுக்க ஆறவிடுங்கள். விரலை உள்ளே விட்டால் சூடே தெரியக் கூடாது. சூடான பாகு முட்டையில் விழுந்தால் முட்டை திரிதிரியாக வெந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. முடிந்தால் பாகை முந்தின நாள் ராத்திரியே செய்து மூடி வைத்துவிடுங்கள்.

இந்தச் செய்முறையில் பால் சேர்க்காமல் தயிர் சேர்ப்பதற்கும் கருப்பட்டிதான் காரணம். பாலில் கருப்பட்டியைப் போட்டுக் காய்ச்சினால் சில சமயம் திரிந்துவிடும் என்பது காப்பி போடுகிற எல்லோருக்கும் தெரியும். தயிருக்கு அந்தப் பயம் இல்லை. அதன் புளிப்பு ஆப்ப சோடாவோடு சேர்ந்து காற்றுக் குமிழ்களை உண்டாக்கும். கோதுமை மாவு கனமான மாவு என்பதால் அதைத் தூக்கிவிட இந்தக் குமிழ்கள் வேண்டும்.

கேரட்

கேரட் நமக்கு மலையில் இருந்து இறங்கி வருவது. சந்தைக்கு வந்து சேரும்போதே சில சமயம் வாடியிருக்கும். வளைத்தால் வளைகிற கேரட் வேண்டாம். படக்கென்று ஒடிய வேண்டும். ரொம்பத் தடித்த கேரட்டின் நடுத்தண்டு விறைப்பாக இருக்கும், அதனால் நடுத்தரமானதாக மூன்று எடுங்கள்.

துருவியில் சின்னக் கண்ணுள்ள பக்கம்தான் இதற்குச் சரி. பெரிய கண்ணில் துருவினால் கேக்கில் கேரட் தனியாக நார்நாராக நிற்கும். சின்னத் துருவல் மாவோடு கரைந்து ஈரத்தைக் கடைசி வரை பிடித்து வைத்துக்கொள்ளும். துருவியதைப் பிழிய வேண்டாம், அந்தச் சாறு கேக்குக்கு வேண்டும். ஆனால் முன்கூட்டியே துருவி வைத்தால் கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கிவிடும், மாவின் அளவே மாறிப்போகும். கலக்கப்போகும் நேரத்தில் துருவுங்கள்.

அடுப்பு

அடிகனமான பழைய தேக்சா ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அடியில் ஒரு கிலோ கல் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு இரும்பு முக்காலியோ கம்பி வளையமோ வையுங்கள். மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் கல் உப்பு நமக்கு மலிவு. மணல் என்றால் ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துப் போடலாம். கடற்கரை மணல் வேண்டாம். அதில் சிப்பித் தூளும் கசடும் கலந்திருக்கும், சூடேறினால் வாடை அடிக்கும், அந்த வாடை கேக்கில் ஏறும்.

மூடி போட்டு நடுத்தரத் தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். முதல் சில நிமிடங்கள் உப்பு படபடவென்று வெடிக்கும். கல்லுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருவதுதான் அது, பயப்பட வேண்டாம். ஆனால் மூடியைத் திறந்து முகத்தை நீட்டாதீர்கள், கண்ணில் தெறிக்கும். சத்தம் அடங்கினால் தேக்சா தயார் என்று அர்த்தம். அதே உப்பை ஆறவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்தடுத்த கேக்குக்கும் ஆகும். சமையலுக்கு மட்டும் திரும்ப எடுக்காதீர்கள்.

பிரஷர் குக்கரில் செய்வதானால் வெயிட், கேஸ்கட் இரண்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அலுமினியக் குக்கரை உப்பு அரிக்கும் என்பதால் நன்றாக இருக்கும் குக்கரை இதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.

ஓவன் இருந்தால் 170 டிகிரி செல்சியஸில் முன்கூட்டிச் சூடாக்கி, நடுத்தட்டில் 45 முதல் 50 நிமிடம். அவ்வளவுதான்.

கலக்கும் விதம்

தட்டுக்கு எண்ணெய் தடவி, அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் எண்ணெய் மேல் கோதுமை மாவைத் தூவித் தட்டிவிடலாம்.

கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா, உப்பு, பட்டை, சுக்கு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சல்லடையில் நிற்கும் தவிட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்காகத்தானே கோதுமை மாவுக்கு வந்தோம்! மாவிலேயே திரும்பச் சேர்த்து, வேர்க்கடலைப் பொடியையும் கலந்து வையுங்கள்.

வேறொரு பாத்திரத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, நிறம் வெளுத்து நுரை கட்டும் வரை இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடியுங்கள். ஆறிய பாகை அதில் நூலாக ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். அப்புறம் எண்ணெயையும் அதே மாதிரி ஊற்றுங்கள். கடைசியாகத் தயிர். இது வரைக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம்.

மாவு விழுந்த பிறகு கையை அடக்க வேண்டும். சலித்த மாவை இரண்டு பங்காகப் போட்டு, அகப்பையை அடியில் விட்டுத் தூக்கி மடித்து மடித்துக் கலக்குங்கள். கோதுமை மாவை ஈரத்தோடு போட்டு அடித்தால் என்ன ஆகும் என்பது பரோட்டாவுக்கு மாவு பிசைந்தவர்களுக்குத் தெரியும்: இழுவை வரும். பரோட்டாவுக்கு வேண்டியது அது, கேக்குக்கு எமன். வறண்ட மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனவுடன் நிறுத்திவிட்டு, கேரட்டையும் பேரீச்சம்பழத்தையும் போட்டு ஐந்தாறு மடிப்பு மடித்தால் போதும். பேரீச்சம்பழத் துண்டுகளை ஒரு ஸ்பூன் மாவில் புரட்டிப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது.

மாவு இப்போது ஆப்ப மாவைவிடக் கெட்டியாக, பணியார மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அகப்பையைத் தூக்கினால் பொத்தென்று விழ வேண்டும், ஓடவும் கூடாது. இதை 10 நிமிடம் அப்படியே விடுங்கள். தவிடு மெதுவாகத்தான் ஈரத்தைக் குடிக்கும். இந்தப் பத்து நிமிடத்தைத் தராவிட்டால் அடுப்பில் இருக்கும்போது குடிக்கும், வெந்த கேக் நறநறவென்று இருக்கும். அதற்கு மேலும் விடாதீர்கள், சோடாவின் வேகம் அடங்கிவிடும். உப்பைச் சூடாக்குவதை இந்தப் பத்து நிமிடத்திலேயே வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாக முடியும்.

பத்து நிமிடத்துக்குப் பிறகு மாவு இறுகி, அகப்பையை விட்டு விழ மறுத்தால் ஒரு மேஜைக்கரண்டித் தயிர் சேர்த்து ஒருமுறை மடியுங்கள். வாடைக் காலத்தில் மாவே காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அப்போது இது தேவைப்படாது. பங்குனி, சித்திரையில் பெரும்பாலும் தேவைப்படும்.

சுடுவது

மாவைத் தட்டில் முக்கால் அளவுக்கு மேல் போகாமல் ஊற்றி, முக்காலி மேல் வைத்து மூடுங்கள். மூடியின் மேல் அம்மிக் குழவி மாதிரி ஏதாவது கனம் வையுங்கள், பிரியாணிக்குத் தம் போடுவது போலத்தான். முதல் 5 நிமிடம் நடுத்தரத் தீ, பிறகு சிறு தீ. மொத்தம் 55 நிமிடத்தில் இருந்து 65 நிமிடம் வரை ஆகும்.

முதல் 40 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. பாதி எழும்பிய கேக் மேல் வெளிக்காற்று பட்டால் நடுப்பகுதி அமுங்கிவிடும், அப்புறம் எழாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் சிறு தீ ஆடி ஆடி அணையும். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கேக்கும் ஒரு பக்கம்தான் எழும்பும். அடுப்பைச் சுற்றி மறைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி 15 நிமிடத்துக்கு, மூடி மேல் இருக்கும் கனத்தை எடுத்துவிட்டு, நன்றாகக் கனிந்த சிரட்டைத் தணல் நாலைந்து துண்டு வைப்பது என் வழக்கம். கீழிருந்து மட்டும் சூடு வந்தால் கேக்கின் மேற்பக்கம் வெளிறி ஈரமாக நிற்கும். மூடியில் கோத்த நீரும் அதன் மேல் சொட்டும். தணல் வைத்தால் மேலே நல்ல தேன் நிறம் வரும். இதைக் கொல்லைப்புறத்திலோ காற்றோட்டமான இடத்திலோ மட்டும் செய்யுங்கள். அடைத்த அறையில் தணல் புகை ஆபத்து. தணல் வைக்க வசதியில்லை என்றால் விட்டுவிடலாம், ருசியில் குறை வராது.

வெந்ததா என்று பார்க்கக் கழுவிய ஈர்க்குச்சி ஒன்றை நடுவில் அடி வரை குத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் 5 நிமிடம். ஒன்றிரண்டு ஈரத் துணுக்கு ஒட்டினால் சரி, இறக்கிவிடலாம். சுத்தமாகக் காய்ந்து வரும் வரை காத்திருந்தால் கேக் வறண்டுவிடும். கேரட் கேக்குக்குக் கொஞ்சம் ஈரம்தான் அழகு. விரலால் மேலே மெல்ல அழுத்தினால் பள்ளம் நிற்காமல் இட்லி மாதிரி எழும்பி வர வேண்டும்.

ஆறவைப்பது

தட்டிலேயே 10 நிமிடம். பிறகு ஓரத்தைக் கத்தியால் சுற்றிவிட்டு, கம்பித் தட்டிலோ கவிழ்த்த சல்லடை மேலோ மாற்றுங்கள். தட்டிலேயே ஆறினால் அடியில் வேர்த்து நசநசத்துப் போகும். இரண்டு மணி நேரம் வெட்டாதீர்கள். சுடச்சுட வெட்டினால் பிசுபிசுவென்று வேகாத மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்து அடுத்த முறை அதிக நேரம் சுட்டுக் காயவைத்துவிடுவோம். உண்மையில் இந்தக் கேக் மறுநாள்தான் ருசி. கருப்பட்டியும் சுக்கும் ராத்திரியில் மாவுக்குள் இறங்கி, அடுப்படியில் மூடியைத் திறக்கும்போதே பனங்காட்டு வாசம் வரும்.

மேலே க்ரீம் வேண்டும் என்கிறவர்கள் அரைக் கிலோ தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஒரு வடிகட்டியில் 4 மணி நேரம் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெக்கைக்குப் புளித்துவிடும். வடிந்த கெட்டித் தயிரில் ஒரு மேஜைக்கரண்டிப் பாகும் ஏலக்காய்த்தூளும் கலந்து, பரிமாறும் நேரத்தில் துண்டு மேல் வைத்தால் போதும். கேக் முழுவதும் பூசி வைக்காதீர்கள், சீக்கிரம் கெடும்.

முட்டை இல்லாமல்

முட்டைக்குப் பதில், 2 மேஜைக்கரண்டி ஆளி விதைப் பொடியை 6 மேஜைக்கரண்டித் தண்ணீரில் ஊறவைத்துக் கொழகொழவென்று ஆனதும் சேர்க்கலாம். எழும்புவது குறையும், கேக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். ராமேஸ்வரத்தில் இருக்கும் என் தோழி வீட்டுக்கு இப்படித்தான் செய்து கொடுக்கிறேன். வட்டமாகச் செய்யாமல், சின்னக் கிண்ணங்களில் ஊற்றி 25 முதல் 30 நிமிடம் சுட்டால் நன்றாக வேகும்.

எத்தனை நாள் வரும்?

கடலோரத்து ஈரக்காற்றில் இந்தக் கேக் வெளியே ஒன்றரை நாள் தாங்கும், அவ்வளவுதான். சீனி அதிகம் போட்ட கடைக் கேக்கைப் போல நாட்கணக்கில் நிற்காது. முழுக்க ஆறுவதற்கு முன் டப்பாவில் அடைத்தால் மூடிக்குள் ஆவி கோத்துப் பூசணம் பிடிக்கும். ஃபிரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் நான்கு நாள் வைக்கலாம், சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். வெளியே வைக்கும் டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். கருப்பட்டி வாசத்துக்கு எறும்பு எங்கிருந்தாவது வந்துவிடும்.